அருளப்பரும் ஜானும்

மக்கள் தமக்கும் தம் ஊருக்கும் இட்டு வழங்கும் பெயர்கள் வரலாற்றின் சிறு பேழைகள். திறந்து பார்ப்பார்க்கு அவை பல செய்திகளைச் சொல்லும். நாம் வாழும் விமான் நகரையே எடுத்துக்கொள்வோம். லோகேகாவ் வானூர்தி நிலையத்தை அடுத்து எழுந்த பகுதியாதலின் இஃது இப்பெயர் பெற்றது. விமானம் என்றதும் நம் மராத்தி அயலார் உள்ளத்தில் வானில் பறக்கும் ஊர்தி தோன்றும். நமக்கோ தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறைமேல் ஓங்கி நிற்கும் விமானமும் உடன் தோன்றும். சொல் ஒன்று, அது தூண்டும் நினைவுகள் இரண்டு.

ஒரு பெயர் நாடுவிட்டு நாடு செல்லும்போது அதன் ஒலி மட்டும் செல்கிறதா, பொருளும் உடன் செல்கிறதா? பிறந்த மண்ணை விட்டு வந்து, பிள்ளைகளுக்குப் பெயர் சூட்டி, பள்ளிப் படிவங்களை நிரப்பும் நமக்கு இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. இதற்கு விடை காண நமக்குத் துணைசெய்யும் பெயர் ஒன்று உண்டு. ஆங்கிலேயரிடம் மிகப் பரவலாக வழங்கியதும், தமிழ் மண்ணில் நானூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பல கோலங்களில் உலவுவதுமான ‘ஜான்’ என்பதே அது. அதன் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

பெயரின் பிறப்பு

ஜான் என்பது ஆங்கிலப் பெயராகவே இன்று எண்ணப்படினும் அதன் தாயகம் இங்கிலாந்து அன்று. அஃது எபிரேய மொழிக்குரியது. ‘யோகனான்’ என்னும் எபிரேயப் பெயரில் இரண்டு உறுப்புகள் உள்ளன. முன்னது யாவே என்னும் இறைப்பெயரின் சுருக்கம். பின்னது அருள்கூர்தல் என்னும் பொருளுடைய வினை. ‘கடவுள் அருள்கூர்ந்தார்’ என்பதே முழுப் பெயரின் பொருள். அன்னாள் என்னும் பெண்பாற் பெயரும் இதே வேரினின்று கிளைத்ததாகும். ஆகவே ஜான் என்பாரும் அன்னா என்பாரும் பெயரளவில் உடன்பிறந்தார் எனலாம்.

இப்பெயர் உலகெங்கும் பரவக் காரணமாயினோர் இருவர். ஒருவர் யோர்தான் ஆற்றில் மக்களுக்குத் திருமுழுக்கு அளித்த யோவான். மற்றவர் இயேசுவின் சீடர். நான்காம் நற்செய்தி இவர் பெயரால் வழங்குகிறது. முன்னவருக்குப் பெயர் சூட்டிய வரலாறு லூக்கா நற்செய்தியில் உள்ளது. செக்கரியா, எலிசபெத் என்னும் முதிய இணையருக்குப் பிறந்த அக்குழந்தைக்குத் தந்தையின் பெயரையே இடுதல் வேண்டும் என்று சுற்றத்தார் வற்புறுத்தினர். தாயோ யோவான் என்றே அழைக்க வேண்டும் என்றாள். உறவினருள் எவருக்கும் அப்பெயர் இல்லையே என்று அவர்கள் மறுத்தனர். அப்போது வாய்பேச இயலாதிருந்த தந்தை, எழுதுபலகை ஒன்றை வாங்கி அவன் பெயர் யோவான் என்று எழுதிக் காட்டினார். குழந்தைக்குப் பெயரிடுவதில் சுற்றத்தார் தலையிடுவது நம் வீடுகளில் மட்டும் நிகழ்வதன்று என்பதை இதனால் அறிகிறோம். சுற்றம் கேட்டது மரபுப் பெயர். பெற்றோர் இட்டது பொருட்பெயர். பிள்ளைப்பேற்றை அருளாகக் கருதியவர்கள் அருள் என்றே பெயரிட்டனர்.

எபிரேய யோகனான் கிரேக்கத்தில் யோவான்னேஸ் ஆயிற்று. இலத்தீனில் யோகான்னெஸ் ஆயிற்று. அதன்பின் ஒவ்வொரு நாடும் தன் நாவுக்கேற்ப அதனைத் திரித்துக்கொண்டது. இத்தாலியர் ஜொவான்னி என்றனர். இசுபானியர் குவான் என்றனர். போர்ச்சுகீசியர் ஜுவாவ் என்றனர். பிரெஞ்சுக்காரர் ழான் என்றனர். செருமானியர் யோகான், ஹான்ஸ் என்றனர். உருசியர் இவான் என்றனர். அயர்லாந்தார் ஷான் என்றனர். அரபு மொழியில் அதே இறைத்தூதர் யஹ்யா எனப்படுகிறார். தமிழ் முசுலிம்களிடையே இன்றும் அப்பெயர் வழங்குகிறது. மலையாள நாட்டுச் சிரியக் கிறித்தவர் யோகன்னான் என்றும் உலகன்னான் என்றும் வழங்குவர். நம் மராத்தி அயலாரின் விவிலியத்தில் அவர் யோஹான். புனேக்கு அண்மையதான கோவாவில் ஆண்டுதோறும் சூன் 24-ஆம் நாள் அவர் திருநாளன்று இளைஞர்கள் தலையில் மலர்முடி சூடிக் கிணறுகளில் குதித்துக் களிப்பர். அவ்விழாவின் பெயர் சாவ் ஜுவாவ். இத்தனையும் ஒரே பெயர் என்று சொன்னாலன்றி எளிதில் விளங்காது.

ஆங்கில நாட்டில்

1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் அந்நாட்டின் பழைய பெயர்கள் பல வழக்கிறந்தன. வில்லியம், இராபர்ட், ரிச்சர்ட் முதலிய பெயர்கள் புகுந்தன. அவற்றோடு பிரெஞ்சு வழியாக வந்த ஜானும் நிலைபெற்றது. 14-ஆம் நூற்றாண்டிற்குள் ஆண்மக்களுக்கு மிகுதியாக இடப்பெற்ற பெயர் இதுவே ஆயிற்று. அரச மரபில் மட்டும் நிலை வேறு. 1199 முதல் 1216 வரை ஆண்ட ஜான் மன்னன், பெருங்குடியினரின் நெருக்கடிக்குப் பணிந்து 1215-இல் மாபெரும் உரிமைச் சாசனத்திற்கு இசைவு தந்தவன். அவனுக்குப்பின் அந்நாட்டில் அப்பெயருடைய வேறு மன்னன் அரியணை ஏறவில்லை. அரண்மனை கைவிட்ட பெயரைக் குடிமக்கள் கைவிடவில்லை.

தெருவுக்குப் பத்துப் பேர் ஒரே பெயருடையராக இருந்தால் அவர்களை வேறுபடுத்தி அழைப்பது எங்ஙனம்? செல்லப் பெயர்கள் பிறந்தன. அவற்றுள் தலையாயது ‘ஜாக்’. ஜான் என்பதன் செல்ல வடிவாகத் தோன்றிய இது, காலப்போக்கில் எளிய உழைப்பாளி எவனையும் குறிக்கும் பொதுப்பெயராயிற்று. பின்னர் ஆள் செய்யும் வேலையைச் செய்யும் கருவிகளுக்கும் அதே பெயரை இட்டனர். பழுது பார்க்கும் பட்டறைகளில் உந்து வண்டியைத் தூக்கி நிறுத்தும் கருவியை நம்மவர் ‘ஜாக்கி’ என்கின்றனரே, அஃது இந்த ஜாக்கே. சீட்டாட்டத்தில் அரசனுக்கும் அரசிக்கும் அடுத்து நிற்கும் ஏவலாளனும் ஜாக்கே. நம்மவர் அவனையும் ஜாக்கி என்பர். இசுகாத்லாந்தில் ஜாக் என்பது ‘ஜாக்’ என்றும் ‘ஜோக்’ என்றும் கேட்கும்படி ஒலிக்கப்பட்டது. அதன் செல்ல வடிவினின்று குதிரைப் பந்தயத்தில் சவாரி செய்பவனுக்கு ஜாக்கி என்னும் பெயர் வந்தது. பட்டறையிலும் சீட்டுக்கட்டிலும் பந்தயத் திடலிலும் நாம் நாள்தோறும் ஜானை அழைத்துக்கொண்டிருக்கிறோம். அழைப்பது அவரையென்று அறியோம்.

ஒலி ஒப்புமை கண்டு மயங்குதலும் கூடாது. பலாப்பழத்தை ஆங்கிலேயர் ஜாக் பழம் என்பர். இந்த ஜாக்குக்கும் ஜானுக்கும் யாதொரு உறவும் இல்லை. மலையாளத்தார் பலாவைச் ‘சக்க’ என்பர். போர்ச்சுகீசியர் அதனை ‘ஜாக்கா’ என்றனர். ஆங்கிலேயர் அதன் கடையைக் குறைத்து ஜாக் என்றனர். நம் மலைச்சாரலில் பழுத்த சொல், ஆங்கில உடை உடுத்தி நம்மிடமே அயலான்போல் திரும்பி வந்தது. பெயராராய்ச்சியில் செவியை மட்டும் நம்புதல் தவறு என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

மிகப் பரவிய பெயர் தனி ஒருவரைக் குறிக்கும் ஆற்றலை இழந்து எவரையும் குறிக்கத் தொடங்கும். ஆங்கில நீதிமன்றங்களில் நிலவழக்குகளின் நடைமுறைக்காகக் கற்பனையாகப் புகுத்தப்பட்ட வழக்காளிக்கு ஜான் டோ என்று பெயரிட்டனர். அடையாளம் தெரியாத மனிதனைக் குறிக்க அமெரிக்காவில் இன்றும் அப்பெயரே வழங்குகிறது. நாம் குப்பனும் சுப்பனும் என்று சொல்வதில்லையா? அதுபோன்றதே இது. 1712-இல் ஜான் ஆர்பத்நாட் என்னும் மருத்துவ எழுத்தாளர் ஆங்கில மக்களையே ஒரு மனிதனாக உருவகித்து ஜான் புல் என்று பெயரிட்டார். நம் முன்னோர் கும்பினி என்று அழைத்த கிழக்கிந்தியக் கம்பெனியை ஆங்கிலேயர் ஜான் கம்பெனி என்று செல்லமாகக் கூறிக்கொண்டனர். அந்தச் செல்லத்தின் சுமையைத் தாங்கியவர் நம் நாட்டார்.

தமிழ்க் கரையில்

கும்பினியார் வருமுன்னரே இப்பெயர் தமிழ்க் கரையை அடைந்துவிட்டது. கள்ளிக்கோட்டையிலிருந்து இளமையில் லிஸ்பன் நகருக்கு அனுப்பப்பெற்று அங்கே 1513-இல் கிறித்தவரான வணிகர் ஒருவர் ஜுவாவ் த குரூஸ் என்னும் பெயர் பூண்டார். முத்துக்குளித்துறைப் பரதவர் இடருற்றபோது போர்ச்சுகீசியரின் துணையை நாடுமாறு அவர்களுக்கு அறிவுரை கூறியவர் இவரே. அதன் விளைவாக 1530-களில் பரதவர் பெருந்தொகையாகத் திருமுழுக்குப் பெற்றனர். போர்ச்சுகீசியப் பெயர்களும் உடன் வந்தன. இன்றும் தூத்துக்குடிப் பகுதியில் குரூஸ், பர்னாந்து முதலிய பெயர்கள் வழங்குவது அதன் தொடர்ச்சியே.

தமிழுக்கு இப்பெயரினர் செய்த பெருந்தொண்டு ஒன்றை நம்மில் பலர் அறியார். இந்திய மொழிகளுள் முதன்முதல் அச்சேறிய மொழி தமிழ். ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் சிறு நூல் 1578-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் அச்சாயிற்று. அதனை ஆக்கியவர் அண்டிரிக் அடிகளார். அந்நூலுக்குரிய தமிழ் எழுத்துகளுள் ஒரு தொகுதி 1577-இல் கோவாவிலும் மற்றொரு தொகுதி 1578-இல் கொல்லத்திலும் செய்யப்பெற்றன. கோவாவில் எழுத்து வெட்டியவர் ஜுவாவ் கொன்சால்வஸ். கொல்லத்தில் வெட்டியவர் ஜுவாவ் த ஃபாரியா. இருவர் பெயரும் ஜான் என்பதே! ஓலையில் இருந்த தமிழ் ஈயத்திற்கு வந்த நாளில் அதன் எழுத்துகளைச் செதுக்கிய கைகள் இரண்டு ஜான்களின் கைகள். இம்மலரை அச்சில் படிக்கும் நாம் அவ்விருவரையும் ஒருமுறை நினைத்தல் தகும்.

பொருளைப் பெயர்த்த மரபு

கடற்கரையில் ஒலியாக வந்த பெயர் உள்நாட்டில் பொருளாக மலர்ந்தது. 1606-இல் மதுரைக்கு வந்த இத்தாலியத் துறவி இராபர்ட் தெ நோபிலி, தமிழும் வடமொழியும் கற்று, துறவுக்கோலம் பூண்டு, தத்துவபோதகர் என்னும் பெயர் கொண்டார். 1656-இல் மயிலாப்பூரில் மறைந்தார். அவருடைய பெயரைத் தாங்கிய தெ நோபிலி கல்லூரி நம் விமான் நகரை அடுத்து, நகர் சாலையில் இராம்வாடிப் பகுதியில் உள்ளது. அதன் அருகே உள்ள பாப்பரசர் குருமடம் 1893-இல் இலங்கையின் கண்டி நகரில் தோன்றி 1955-இல் புனேக்கு இடம்பெயர்ந்தது. நம்மைப் போல் அதுவும் குடிபெயர்ந்து வந்ததே. அவ்வழியே நாள்தோறும் செல்லும் நம் பிள்ளைகள், அப்பெயர்ப் பலகையில் தமிழ் உரைநடை வரலாற்றில் இடம்பெற்ற ஒருவரின் பெயர் இருப்பதை அறிதல் வேண்டும்.

மதுரை மறைப்பணியின் வழியில் வந்தோர் பெயர்களை ஒலிபெயர்க்காமல் பொருள்பெயர்த்து வழங்கினர். பவுல் என்னும் இலத்தீன் சொல்லுக்குச் சிறியவர் என்பது பொருள். ஆகவே பவுல் சின்னப்பர் ஆனார். யோவானுக்கு அருள் என்பது பொருள். ஆகவே யோவான் அருளப்பர் ஆனார். அப்பர் என்னும் ஈறு தமிழர் தம் பெரியோரைப் போற்றி அழைக்கும் சொல். நாவுக்கரசரை அப்பர் என்று அழைத்த நாட்டில் அருளப்பர் என்ற பெயர் எவர் செவிக்கும் அயலாகத் தோன்றவில்லை.

அருள் என்னும் சொல்லைத் தேர்ந்ததில் உள்ள நுட்பத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும். சிவஞான சித்தியார் இயற்றியவர் அருள்நந்தி சிவாசாரியார். காஞ்சியில் கோயில் கொண்ட திருமாலைப் பேரருளாளன் என்பர் வைணவர். வடலூர் வள்ளலார் அருட்பெருஞ்சோதி என்றார். இவ்வாறு தமிழ்ச் சமயங்கள் யாவும் கூடும் மன்றம் போன்றது அச்சொல். எபிரேய நாட்டுப் பெயரை அம்மன்றத்தில் கொண்டுவந்து அமர்த்தியவர்கள் தமிழின் உள்ளத்தை அறிந்தவர்கள்.

லிஸ்பனில் 1647-இல் பிறந்த ஜுவாவ் த பிரிட்டோ என்னும் துறவி மதுரை மறைப்பணிக்கு வந்தபோது அருளானந்தர் ஆனார். மறவர் சீமையில் சமயப் பணி புரிந்து, 1693-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் ஓரியூரில் தலை வெட்டுண்டு இறந்தார். 1947-இல் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்டார். பிறந்த நாட்டில் எத்தனையோ ஜுவாவ்களுள் ஒருவர்; இறந்த மண்ணில் அவர் ஒருவரே அருளானந்தர். சுற்று வட்டாரத்து ஊர்களில் அருளானந்து என்னும் பெயர் இன்றும் வாழ்கிறது.

வீரமாமுனிவர் இம்மரபை இலக்கியச் சிகரத்தில் ஏற்றினார். கொன்ஸ்தான்சோ என்னும் தம் பெயருக்கு உறுதியுடையார் என்று பொருள் கண்டு முதலில் தைரியநாதர் எனப் பெயர் பூண்டவர் அவர். 1726-இல் அவர் இயற்றிய தேம்பாவணி மூன்று காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்டது. அதன் தலைவன் சூசை. யோசேப்பு என்னும் எபிரேயப் பெயர்க்குப் பெருகுதல் என்னும் பொருள் உண்மையின் அவனுக்கு வளன் என்று பெயரிட்டார். திருமுழுக்கு யோவானுக்கு அவர் இட்ட பெயர் கருணையன். தன் தாய் எலிசபெத்தை இழந்து கானகத்தில் கருணையன் புலம்பும் பகுதியைத் தமிழ்நாட்டுப் பள்ளி மாணவர் இன்று பாடமாகப் படிக்கின்றனர். அந்தக் கருணையன்தான் தம் வகுப்பில் அமர்ந்திருக்கும் ஜானின் பெயருக்கு மூலமானவன் என்பதை ஆசிரியர் எடுத்துச் சொல்வாரானால் பாடம் இன்னும் இனிக்கும்.

இம்மரபின் மற்றொரு சான்று தேவசகாயம் என்னும் பெயர். திருவிதாங்கூர் அரசுப் பணியிலிருந்த நீலகண்ட பிள்ளை 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றபோது லாசர் என்னும் பெயர் அவருக்குரியதாயிற்று. கடவுள் உதவினார் என்பது அதன் பொருள். அதனையே தேவசகாயம் என்று வழங்கினர். 1752-இல் ஆரல்வாய்மொழிக் காட்டாடிமலையில் கொல்லப்பட்ட அவர், 2022-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேதாசலம் மறைமலை ஆனதும், அதற்குச் சற்று முன்னர்ச் சூரியநாராயணர் பரிதிமாற் கலைஞர் ஆனதும் நாம் போற்றும் செய்திகள். பெயரைப் பொருளால் தமிழாக்கும் அம்முறைக்கு முன்னோடிகள் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இருந்தனர் என்பதை அருளப்பரும் வளனும் கருணையனும் காட்டுகின்றனர்.

ஒலியைக் காத்த மரபு

ஒலிபெயர்ப்பிலும் தமிழ் தன் இயல்பை விட்டுக்கொடுக்கவில்லை. சீர்திருத்தச் சபையார் தம் விவிலியத்தில் யோவான் என்னும் வடிவை வழங்கினர். ஓகாரத்தை அடுத்து ஆகாரம் வருமிடத்து வகரம் உடம்படுமெய்யாய் நிற்கும் நம் இலக்கண நெறியோடு அவ்வடிவம் இசைந்து நிற்கிறது. யகரம் ஆகாரத்தோடு மட்டுமே மொழிக்கு முதலாகும் என்றது தொல்காப்பியம். ஓகாரத்தோடும் முதலாகும் என்று பின்னர் இடம் தந்தது நன்னூல். ஆகவே யோவான் நன்னூலார் வாயிலில் தடையின்றி நுழையும். ஜான் நுழைய வேண்டுமானால் கிரந்த எழுத்தின் துணை வேண்டும். யாழ்ப்பாணத்தில் 1823-இல் தோன்றிய கல்லூரியைப் பரி. யோவான் கல்லூரி என்றே ஈழத் தமிழர் வழங்கி வருகின்றனர்.

ஒரே மனிதரைத் தமிழ்க் கிறித்தவருள் ஒருசாரார் அருளப்பர் என்றும் மற்றொரு சாரார் யோவான் என்றும் நெடுங்காலம் அழைத்தனர். 1978-இல் பாப்பரசரான இரண்டாம் ஜான் பாலைத் தமிழ்க் கத்தோலிக்கர் இரண்டாம் அருள் சின்னப்பர் என்று அழைத்து மகிழ்ந்தனர். 1986 பிப்ரவரியில் அவர் இந்தியா வந்து சென்னையையும் புனேயையும் கண்டு சென்றார். உலகச் செய்தித்தாள்கள் ஜான் பால் என்று எழுதிய அதே நாளில் தமிழ் ஏடுகள் அருள் சின்னப்பர் என்று எழுதின. 1995-இல் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் ஒன்றுகூடி ஆக்கிய திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு வெளிவந்தது. அதில் யோவானும் பவுலும் இடம்பெற்றனர். அருளப்பரும் சின்னப்பரும் வழிவிட்டு ஒதுங்கினர். ஒற்றுமை கருதிச் செய்த மாற்றம் அது. அதன் நோக்கத்தை நாம் குறை கூறோம். ஆயினும் வழிபாட்டு நூலில் இடம் குறைந்த பெயர்கள் வீடுகளில் இடம் இழக்கவில்லை. அருளப்பன், சின்னப்பன், அருள்மேரி என்று அவை நம் உறவுப் பெயர்களாய் வாழ்கின்றன.

புனேயில் பிறந்த ஜான்

புனே வாழ் தமிழராகிய நாம் மறவாது போற்ற வேண்டிய ஜான் ஒருவர் உளர். அவர் நம் புனேயில் பிறந்தவர். 1841-ஆம் ஆண்டு சனவரி 15-ஆம் நாள் இந்நகரில் பிறந்த ஜான் பென்னிகுவிக்கே அவர். அவருடைய தந்தையின் பெயரும் ஜான்தான். படைத்தலைவராயிருந்த அத்தந்தை 1849-இல் பஞ்சாபின் சிலியன்வாலாப் போரில் மாண்டார். மைந்தர் சென்னை மாகாணத்தில் பொறியாளர் ஆனார்.

மேற்கே அரபிக்கடலுக்கு ஓடிய பெரியாற்றின் நீரை மலையைக் குடைந்து கிழக்கே வைகைப் படுகைக்குத் திருப்பும் பெரும்பணி அவர் பொறுப்பில் நடந்தது. 1886 அக்டோபர் 29-இல் திருவிதாங்கூர் அரசோடு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 1887-இல் வேலை தொடங்கிற்று. அடர்காடும் காட்டாற்று வெள்ளமும் காய்ச்சலும் வேலையாட்களை வாட்டின. சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த சாந்தால் எழுந்த அவ்வணை 1895 அக்டோபரில் திறக்கப்பட்டது. கம்பம் பள்ளத்தாக்கும் மதுரைச் சீமையும் அதனால் பசுமை பெற்றன. 1911-இல் இங்கிலாந்தின் கேம்பர்லி என்னும் ஊரில் அவர் காலமானார்.

நம் ஆராய்ச்சிக்கு உரிய செய்தி இனிமேல்தான் வருகிறது. தேனி மாவட்டத்துச் சிற்றூர்களில் நன்றியுணர்வால் அவர் பெயரைப் பிள்ளைகளுக்கு இட்டனர். எந்தப் பெயரை? ஜானை அன்று, பென்னிகுவிக் என்பதையே ஆண்மக்களுக்குச் சூட்டினர். ஆங்கிலேயர் வழக்கில் அது குடிப்பெயர். பிள்ளைக்கு இடும் பெயரன்று. இசுகாத்லாந்தில் உள்ள பெனிகுயிக் என்னும் ஊர்ப்பெயரே அதன் மூலம். குயிலினத்துப் பறவை கூவும் மேடு என்பது அவ்வூர்ப் பெயரின் பொருள். ஆங்கில மரபு நோக்கின் அவர்கள் செய்தது முறை மாறியது. தமிழ் மரபு நோக்கின் அதுவே பொருத்தம். ஜான்கள் ஆயிரவர் உளர். தண்ணீர் தந்தவர் ஒருவரே. அந்த ஒருவரைச் சுட்டும் பெயர் எதுவோ அதனை உழவர் தேர்ந்தனர். அவருடைய பிறந்தநாள் பொங்கலையொட்டி வருவதால் வயல்புறத்து மக்கள் அந்நாளில் அவருக்குப் பொங்கலிட்டு வணங்குகின்றனர். 2013 சனவரி 15-இல் லோயர் கேம்ப் பகுதியில் தமிழக அரசு அவருக்கு மணிமண்டபம் திறந்தது. பெயரின் பொருளை அவ்வுழவர் அகராதியில் தேடவில்லை, வாய்க்காலில் கண்டனர்.

ஜான்சனும் நம் தலைப்பெழுத்தும்

இறுதியாக, நம் வீட்டு வாயிலுக்கே வருவோம். ஜான் மிகப் பெருகிய இங்கிலாந்தில் ஒருவனை அவன் தந்தை பெயரால் சுட்டும் வழக்கம் இருந்தது. ஜானின் மகன் ஜான்சன். அவனுக்கு ஒரு மகன் பிறந்து அவன் பெயர் தாமஸ் என்றால், அவன் மகன் தாமஸ்சன் ஆவான். தலைமுறைதோறும் பெயர் மாறும். வரிப்பதிவும் நிலப்பதிவும் பெருகியபோது இம்மாற்றம் நின்றது. ஏதோ ஒரு தலைமுறையில் எழுத்தர் பதிந்த தந்தை பெயர் அப்படியே உறைந்து குடிப்பெயராயிற்று. வேல்சு நாட்டில் இவ்வுறைவு காலம் தாழ்த்து நிகழ்ந்தது. 16-ஆம் நூற்றாண்டில் அந்நாடு இங்கிலாந்தோடு சட்டத்தால் இணைக்கப்பட்டபின், ஆங்கில முறைப் பதிவேடுகளின் நெருக்கத்தால் அம்மக்கள் மெல்ல மெல்லக் குடிப்பெயர் கொண்டனர். ஜோன்ஸ், இவான்ஸ், பெவன் என்பன யாவும் ஜானின் மக்கள் என்று பொருள்படும் பெயர்களே. 2010-ஆம் ஆண்டு அமெரிக்க மக்கட்கணக்கில் குடிப்பெயர்களுள் இரண்டாம் இடம் ஜான்சனுக்கு. இன்று ஜான்சன் எனப்படுவோருள் எத்தனை பேருக்குத் தம் குலத்துப் பழைய ஜான் யார் என்று தெரியும்?

தமிழர்க்கும் தந்தை பெயரே அடையாளம். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்று ஊரும் தந்தையும் தானுமாகப் பெயர் அமைந்த மரபு நம்முடையது. அதன் சுருங்கிய வடிவமே இன்றைய தலைப்பெழுத்து. மராத்தியர் முறை வேறு: தன் பெயர், தந்தை பெயர், குடிப்பெயர் என மூன்றும் எழுதுவர். 2024 மே முதல் நாளுக்குப்பின் பிறந்தோர்க்கு அரசு ஆவணங்களில் தாயின் பெயரும் இடம்பெற வேண்டும் என்று மகாராட்டிர அரசு விதித்துள்ளது, இது போற்றத்தக்கது.

குடிப்பெயர் என்னும் கட்டம் நம்மவர்க்குத் தலைவலி தருகிறது. எடுத்துக்காட்டாக, முத்தையா மகன் அருளப்பன் தொழில் நிமித்தம் விமான் நகருக்கு வந்து குடியேறுகிறார் என்று கொள்வோம். ஊரில் அவர் மகள் அ. கயல்விழி. இங்கே பள்ளிப் படிவத்தில் அவள் கயல்விழி அருளப்பன். தம்பி இளங்கோ அருளப்பன். இளங்கோவுக்கு மகன் பிறக்கும்போது படிவம் மீண்டும் குடிப்பெயரைக் கேட்கும். வங்கிக் கணக்கிலும் கடவுச்சீட்டிலும் அருளப்பன் என்றே பதிந்திருத்தலின் அப்பேரனும் அருளப்பன் ஆவான். தலைமுறைதோறும் மாறிவந்த தந்தை பெயர் அங்கே உறைந்துவிடும். இங்கிலாந்தில் அன்று ஜானுக்கு நேர்ந்தது புனேயில் இன்று அருளப்பனுக்கு நேர்கிறது. முதலில் குடிபெயர்ந்து வந்தவரின் பெயர், அவர் அறியாமலே ஒரு குலத்தின் பெயராகிறது.

இதில் வருந்துதற்கு ஒன்றுமில்லை. உறைவது எதுவென்று அறியாதிருத்தலே வருந்தத்தக்கது. பேரன் பேத்தியர் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது வளரினும், தம் பெயரின் பின்னே நிற்கும் அச்சொல் அருள் என்பதையும், அது யார் பெயர், எந்த ஊரிலிருந்து வந்தவர், எதற்காக வந்தார் என்பதையும் அறிந்தால் அப்பெயர் உயிரோடிருக்கும். அறியாவிடின் அது ஜாக்கியைப் போல, நாள்தோறும் வாயில் வழங்கியும் யாரென்று தெரியாத பெயராய்விடும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் அறிவன சில. பெயர் ஒலியாகச் செல்லும்போது நாட்டுக்கு நாடு திரிந்து தன் உறவினரையே அடையாளம் காணாது போகும். பொருளாகச் செல்லும்போது சென்ற நாட்டில் பிறந்த பெயர் போலவே வேர்கொள்ளும். நன்றியால் ஏற்கப்படும்போது குடிப்பெயர், முதற்பெயர் என்னும் வேறுபாடெல்லாம் அதன்முன் நில்லா. அயல்நாட்டுத் துறவியர் நம் மொழியில் தம் பெயருக்குப் பொருள் தேடிச் சூடிக்கொண்டனர். நாம் நம் பிள்ளைகளுக்கு, அயலார் நாவில் எளிதில் ஒலிக்கும் என்பதற்காகவே பொருளில்லா ஈரெழுத்துப் பெயர்களைத் தேடுதல் முறையாகுமா என்று எண்ணிப் பார்த்தல் நன்று.

எப்பெயரை இடினும் இடுக. ஜான் என்றாலும் யஹ்யா என்றாலும் கயல்விழி என்றாலும் அது பெற்றோர் உரிமை. பெயரிட்ட நாளிலேயே ஒரு தாளில் அப்பெயரின் பொருளையும், தாய்வழி தந்தைவழிப் பாட்டன் பாட்டியர் பெயர்களையும், அவர்தம் ஊர்களையும் தமிழில் எழுதி, பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து வைத்தல் ஒவ்வொரு குடும்பமும் செய்யத்தக்க எளிய பணி. அன்று செக்கரியா எழுதுபலகையில் ஒரு பெயரை எழுதினார். நாம் பெயரோடு அதன் காரணத்தையும் எழுதி வைப்போம்.